மேற்படி விஷயம்

எலவனாசூர்கோட்டை,
24.11.2025

சந்தியா அப்பாவுக்கு, பரிமளா எழுதுவது.

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். எல்லாரும் நலம். உங்கள் அம்மாவுக்கு மழையில் மூட்டு வலி, அவ்வளவுதான்.

போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். உங்கள் மலையில் தண்ணீர்த் தொட்டிப் படியில் ஏறினால்தான் சிக்னல். அந்தப் படியில் உங்களுக்கு முன்னால் இரண்டு வாத்தியார்கள், பின்னால் விடுதிச் சமையல்காரம்மா. போன வாரம் சளி பிடித்திருக்கிறது என்று சொன்னீர்கள், பின்னாலிருந்து யாரோ "கற்பூரவல்லி இருக்குது, கொண்டாரட்டா சார்" என்று கேட்டது எனக்கே கேட்டது. இங்கே சந்தியாவின் போன் ரிப்பேர். என் போனில்தான் மாப்பிள்ளை சரத்குமாரோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்தீர்கள். மறுநாள் அம்மா உங்கள் தங்கை வீட்டுக்கு உளுந்தூர்பேட்டை போய்விட்டார்கள். சந்தியாவும் கூடப் போயிருந்தாள். மழை. கரண்ட் இல்லை. இதற்கு மேல் எழுத மாட்டேன். அதற்குப் பிறகு நான் தலைக்குக் குளிக்கவில்லை.

நாற்பத்து நான்கு வயது. நின்று போகிற நேரமாகவும் இருக்கலாம். ஆனால் கருவாட்டு வாசம் வந்தால் குமட்டுகிறது. சந்தியாவை வயிற்றில் வைத்திருந்தபோதும் இப்படித்தான். தை மாதம் பெண்ணை மணையில் உட்கார வைத்துவிட்டு நான் முழுகாமல் பக்கத்தில் நின்றால், வளைகாப்பு அம்மாவுக்கா பெண்ணுக்கா என்று சம்பந்தி வீட்டில் கேட்பார்கள்.

என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள்.

பரிமளா


அரசு உண்டு உறைவிடப் பள்ளி,
பெரும்பாறை, கரியாலூர் வழி,
27.11.2025

அன்புள்ள பரிமளாவுக்கு,

உன் 24ஆம் தேதிக் கடிதம் கிடைக்கப்பெற்றேன். மேற்படி விஷயம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது.

முதலாவதாக, மேற்படி விஷயம் இன்னும் உறுதி செய்யப்படாத நிலையில் உள்ளது. உறுதியாகாத ஒன்றின் மீது எந்த முடிவும் எடுப்பதற்கில்லை. ஆகவே இரண்டு வாரம் பொறுத்திருந்து பார்ப்பது உசிதம். கருவாட்டைத் தவிர்க்கவும்.

கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரிக்குப் போவது குறித்து நீ எதுவும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன். அங்கே எந்த வாசலில் நின்றாலும் என்னிடம் படித்தவன் ஒருவன் "அம்மா, இன்னா இங்க" என்று கேட்பான். தோட்டத்துப் பப்பாளி பழுத்திருந்தால் சாப்பிடலாம். எந்த உள்நோக்கத்துடனும் சொல்லவில்லை. அதில் வைட்டமின் உள்ளது.

இன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகள் அத்தனை பேரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. தலைமையாசிரியரை அவர்கள் பார்க்கத்தான் வேண்டும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. வளரிளம் பெண்களுக்கான விழிப்புணர்வுக் கூட்டத்தில் தலைமையுரை ஆற்றினேன். உடல் சம்பந்தமான எதையும் பெரியவர்களிடம் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும் என்பதே சாரம். நல்ல வரவேற்பு.

மழையில் மலைப்பாதையில் பாறை சரிந்திருப்பதாகச் சொல்கிறார்கள். இந்த சனிக்கிழமை வர இயலாது.

இப்படிக்கு,
சு. ராஜாங்கம்


எலவனாசூர்கோட்டை,
30.11.2025

சந்தியா அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. போஸ்ட்மேன் "கோர்ட்டு நோட்டீஸாம்மா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் எழுதியது என்றேன். அவர் முகத்தில் தெரிந்த கவலையைப் பார்த்தால், நோட்டீஸ் என்றே சொல்லியிருக்கலாம்.

பப்பாளி மரத்தைப் போன வருஷம் நீங்கள்தான் வெட்டினீர்கள், மோட்டார் கொட்டகைமேல் சாய்கிறது என்று. பாறை சரிந்தது உண்மையா என்று கரியாலூர் பஸ் கண்டக்டரிடம் கேட்டனுப்பினேன். "அப்படி ஒண்ணும் இல்லியே" என்றாராம். நீங்கள் என் முகத்தைப் பார்க்க வெட்கப்படுகிறீர்கள். எனக்கும் அப்படித்தான். நான்தான் எங்கேயும் போக முடியாது.

நேற்று சந்தியா, "ஏம்மா, தட்டுல சோத்தப் போட்டுக்கினு பாத்துக்கினே கீற?" என்றாள். பசியில்லை என்றேன். "கல்யாணம் எனக்கா உனக்கா, நீ இன்னாத்துக்கு எளைக்கிற?" என்று சிரித்தாள். பெற்ற பெண் முன்னால் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. அம்மா "சேல கட்டற விதமே மாறிப்போச்சே" என்கிறார்கள். அவர்களுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

மெடிக்கலில் ஒரு அட்டை விற்கிறார்களாம். இரண்டு கோடு விழுந்தால் உண்டு, ஒரு கோடென்றால் இல்லை. இங்கே மெடிக்கல் சரத்குமாரின் சித்தப்பாவுடையது. நான் அந்தப் படியேற முடியாது. நீங்கள் எப்படியும் மீட்டிங்குக்குக் கள்ளக்குறிச்சி இறங்குவீர்கள், ஒன்று வாங்குங்கள். இந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள்.

பரிமளா


பெரும்பாறை,
3.12.2025

அன்புள்ள பரிமளாவுக்கு,

கேட்ட பொருள் வாங்கப்பட்டுவிட்டது. சுலபமாக நடக்கவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

நேற்று மீட்டிங் முடிந்து கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு அருகே முதல் கடைக்குப் போனேன். கல்லாவில் ஒரு பெண்பிள்ளை இருந்ததால் இருமல் மருந்து வாங்கினேன். இரண்டாவது கடையில் பற்பசை. மூன்றாவது கடையைத் தாண்டிப் போகும்போது உள்ளேயிருந்து "சார், நம்ம கடையத் தாண்டிப் போறீங்களே" என்று குரல். அஜித்குமார். நான் சங்கராபுரத்தில் இருந்தபோது எட்டாம் வகுப்பு படித்தவன். சொந்தக் கடை வைத்திருக்கிறான். காலைத் தொட்டுக் கும்பிட்டான். கடையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள்.

தாளில் எழுதி நீட்டினேன். அவன் எழுத்துக்கூட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தான். வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னது நான்தான். "வூட்ல யாருக்கு சார்? சந்தியா பாப்பாவுக்குத் தையிலதான கல்யாணம்?" என்று கேட்டான். எல்லோரும் திரும்பினார்கள்.

என் நிலைமையை நீ யோசிக்க வேண்டும். உன் பெயரைச் சொல்ல முடியாது. சும்மா நின்றால் நம் பெண்ணின் பெயர் கெடும். அந்தக் கணத்தில் சமயோசிதமாக, "இல்லப்பா, ஸ்கூல்ல ஒரு பொண்ணுக்கு" என்றேன். அவன் முகம் மாறியது. வேறெதுவும் கேட்கவில்லை. பொட்டலத்தைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தான். வீட்டுப் பெயர் எங்கும் வரவில்லை என்பதே முக்கியம்.

அரையாண்டுத் தேர்வு வேலை இருப்பதால் அடுத்த சனிக்கிழமை கொண்டு வருகிறேன். அதுவரை பொருள் என் மேஜை இழுப்பறையில், சாக்பீஸ் டப்பாவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும்.

இப்படிக்கு,
சு. ராஜாங்கம்


எலவனாசூர்கோட்டை,
6.12.2025

சந்தியா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை மறைக்கவில்லை. நம் பேர் வரவில்லை, போதும் என்று பால் காய்ச்சப் போனேன். பால் பொங்கி வழிந்த பிறகுதான் உறைத்தது.

எந்தப் பொண்ணுக்கு?

கடையில் நின்றவர்கள் அதைத்தானே கேட்டிருப்பார்கள்? நீங்கள் ஒரு பெயரும் சொல்லவில்லை. ஆகவே எந்தப் பெயரையும் போட்டுக்கொள்ளலாம். உங்கள் விடுதியில் இருக்கும் அத்தனை பிள்ளைகளின் தலையிலும் நீங்கள் அதை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சாமையும் வரகும் விதைத்து, மற்ற நாளில் கூலிக்குப் போய், பெண் படிக்கட்டும் என்று உங்களை நம்பி விட்டிருக்கிறார்கள். நம் பெண்ணுக்கு வரக் கூடாதது அவர்கள் பெண்ணுக்கு வரலாமா? இதைக் கேட்கிற யோக்கியதை எனக்கும் இல்லை. நிம்மதியாகப் பால் காய்ச்சியவள்தானே நான்.

உடனே இறங்கி அந்த அஜித்குமாரிடம் போய், என் சம்சாரத்துக்குத்தான் வாங்கினேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். என் பேர் கெட்டால் கெடட்டும்.

பரிமளா


பெரும்பாறை,
10.12.2025

அன்புள்ள பரிமளாவுக்கு,

உன் 6ஆம் தேதிக் கடிதம் நேற்று மதியம் கிடைத்தது. அவர்கள் நேற்று காலையே வந்துவிட்டார்கள்.

அன்று நான் கடையை விட்டு இறங்கியதுமே அஜித்குமார் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்திருக்கிறான். ஒரு பிள்ளைக்குத் தீங்கு என்று தெரிந்தால், செய்தவர் யாராக இருந்தாலும் தெரிவிக்க வேண்டும் என்று நான் நடத்திய பாடம். முப்பது வருஷத்தில் என் பாடத்தை ஒருவன் வாழ்க்கையில் கடைப்பிடித்திருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

மாவட்டத்திலிருந்து இரண்டு அதிகாரிகள். ஒருவர் பெண். மேஜை இழுப்பறையைத் திறக்கச் சொன்னார்கள். சாக்பீஸ் டப்பாவை நகர்த்தினார்கள். யாருக்கு வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். உறவினருக்கு என்றேன். எந்த உறவினர் என்றார்கள். தூரத்து உறவு என்றேன். எழுதிக்கொண்டார்கள். மறுபடி வருவார்களாம்.

கடையில் நின்றவர்களில் ஒருவர் இந்த மலைக்காரராம். இதற்குள் ஊரில் பெயர் போட்டுவிட்டார்கள். ஜீவா என்று பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பெண். இருசம்மாள் மகள். சாமை அறுப்புக்கு வீட்டில் ஆள் இல்லையென்று ஒரு வாரம் லீவு போட்டிருந்தாள். வந்ததும் காய்ச்சல், வாந்தி. அது போதுமாக இருந்தது. வார்டன் மலர்விழி அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய்ச் சோதித்ததில் ஒன்றுமில்லை என்று வந்தது. அதைச் சொன்னால், "கலைச்சிட்டுத்தான் கூட்டினு போயிருப்பாங்க, அப்பறம் எப்பிடி இருக்கும்" என்கிறார்கள். இல்லையென்று உறுதியானதுதான் இப்போது ஆதாரம்.

இன்று காலை இருசம்மாள் வந்து பெண்ணின் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

இப்போது உண்மையைச் சொன்னால் சம்பந்தி வீடுவரை போகும். தை முடியட்டும். மாசியில் எல்லோரையும் கூப்பிட்டுத் தெளிவுபடுத்திவிடலாம் என்பது என் எண்ணம். உன் கருத்தைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
சு. ராஜாங்கம்


பெரும்பாறை,
15.12.2025

உங்கள் தூரத்து உறவு எழுதுவது.

தேதிக்கு மேலே உள்ள ஊரைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். காலை பஸ்ஸில் வந்தேன். நீங்கள் வகுப்பில் இருக்கிறீர்கள். உங்கள் குரல் இங்கே கேட்கிறது. நேரில் பேசினால் கத்திவிடுவேன், பிள்ளைகள் பார்ப்பார்கள். இதை உங்கள் அறைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டுத் திரும்புகிறேன்.

இருசம்மாள் வீட்டுக்குப் போனேன். சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். "யாரும்மா நீ?" என்றாள். ஹெச்செம் சம்சாரம் என்றேன். முறம் நிற்கவில்லை.

"அந்த அட்டை எனக்கு வாங்கினதுங்க" என்றேன்.

முறம் நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனுக்கா?"

"ஆமாங்க."

"பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கிறதாச் சொன்னாங்களே?"

"அவ அம்மாதாங்க நான்."

சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். "ஒம் புருசனுக்கு வெக்கம்னா வெக்கப்பட்டுக்கினு கெடக்கட்டும். எம் பொண்ண எதுக்கு இழுத்தாரு? இவளுக்குப் பேரு இல்லியா, அப்பன் ஆத்தா இல்லியா?"

காலில் விழப் போனேன். தள்ளி உட்கார்ந்துகொண்டாள். "நீ சொல்லி ஒண்ணும் ஆவாது. புருசனக் காப்பாத்த வந்திருக்கான்னுதான் ஊரு சொல்லும். அவரு வாயால சொல்லட்டும். பள்ளிக்கூடத்துல, நாலு பேரு முன்னாடி."

ஜீவா பின்பக்கம் உரலண்டை நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த ஒரு மாதமாக நான் சந்தியா முன்னால் எப்படி ஒடுங்கி நடந்தேனோ அப்படியே அந்தப் பிள்ளை நிற்கிறாள். எனக்காவது ஒடுங்குவதற்குக் காரணம் இருந்தது.

அவளுக்கு மாமன் மகனைப் பேசிவிட்டார்கள். அதுவும் தையில்தான். பதினெட்டு முடியக்கூட இல்லை. உங்களால் தை மாதத்தில் இரண்டு கல்யாணம். நம் பெண் ஆசைப்பட்டுப் பண்ணிக்கொள்கிறாள்.

நீங்கள் சொல்லாவிட்டால் அந்த அதிகாரிகளிடம் நான் போய்ச் சொல்வேன். அப்புறம் என் வீட்டுக்கு வர வேண்டாம்.

பரிமளா


பெரும்பாறை,
18.12.2025

பரிமளா,

நேற்று பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டினேன். பெற்றோர் நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். இருசம்மாள் கடைசியில் சுவரோரம் நின்றாள். ஜீவாவை அழைத்து வரவில்லை. அஜித்குமாரையும் வரச் சொல்லியிருந்தேன், கடையை மூடிவிட்டு வந்தான். மலர்விழி மைக் வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

பேச்சை எழுதி வைத்திருந்தேன். "மேற்படி பொருள் எனது சொந்த உபயோகத்திற்காக வாங்கப்பட்டதே தவிர" என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் ஒருவர், "சாருக்கா?" என்றார். பக்கத்திலிருந்தவர், "படிச்சவங்களுக்கு இன்னா வேணா இருக்கும், கம்முனு இரு" என்றார்.

இருசம்மாள் சுவரோரத்திலிருந்து, "புரியற மாதிரி சொல்லுங்க சார்" என்றாள்.

தாளை மடித்துவிட்டேன். என் சம்சாரத்துக்கு வாங்கினேன், அவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, கேட்க வெட்கமாக இருந்தது, அதனால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு என்று பொய் சொன்னேன், ஜீவாவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றேன். இவ்வளவுதான். இதற்கு நான் எழுதியிருந்தது மூன்று பக்கம்.

பிறகு ஒருவர், "சாரு இன்னும் ஜோராத்தான் இருக்காரு" என்றார். கூட்டம் சிரித்தது. சமையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் இத்தனையும் செய்தேன். வந்தபோது மழை மாதிரி நனைத்துவிட்டுப் போய்விட்டது. இருசம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் காயவில்லை.

அஜித்குமார் போகும்போது, "நான் தப்பா போன் பண்ணிட்டனா சார்?" என்றான். சரியாகத்தான் செய்தாய் என்றேன். இந்த முறை காலைத் தொடவில்லை.

அதிகாரிகளுக்கும் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டேன். துறையிலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வரும். வரட்டும்.

இன்று ஜீவா வந்தாள். வகுப்பில் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கல்யாணப் பேச்சு நின்றதா என்று இருசம்மாளிடம் கேட்டேன். "நிக்கல சார். பரிச்ச முடியட்டும்னு தள்ளி வச்சிருக்குது" என்றாள். தள்ளி வைத்ததை நிறுத்த முடியுமா என்று மலர்விழி பேசிக்கொண்டிருக்கிறாள். நான் பேசுவதாகச் சொன்னேன். நீங்க பேசாம இருந்தா போதும் என்றாள்.

மேற்படி விஷயத்தில் தகவல் ஏதும் உண்டா?

ராஜாங்கம்


எலவனாசூர்கோட்டை,
22.12.2025

சந்தியா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சொன்னீர்களே, அது போதும் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் எனக்குப் போதாது.

வெள்ளிக்கிழமை சந்தியாவிடம் சொல்லிவிட்டேன். "யாருக்கெல்லாம் தெரியும்?" என்றாள். மலையில் எல்லாருக்கும் என்றேன். "எனக்குத்தான் கடசியா?" என்று எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்து, "புடவைய மாத்திக்கினு கெளம்பு. நான் கூட வரேன்" என்றாள். சரத்குமாரிடம் அவளே சொல்லிவிட்டாளாம். அவன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அன்று கருவாட்டுச் சட்டியை அவளே கொல்லைப்பக்கம் எடுத்துப்போனாள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்தோம். என் வரிசையில் எல்லாம் சந்தியா வயதுப் பெண்கள். சீட்டு எழுதியவர் அவளைப் பார்த்து, "பேரு சொல்லும்மா" என்றார். "எனக்கில்லீங்க, எங்கம்மாவுக்கு" என்றாள். அவ்வளவு பேர் முன்னால், சாதாரணமாகச் சொன்னாள். எனக்குக் கூசியது, பிறகு கூசவில்லை. இதைச் சொல்ல முடியாமல்தான் நீங்கள் மூன்று கடை ஏறி இறங்கினீர்கள்.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். ஸ்கேனும் எடுத்தார்கள். இப்போது உறுதியாகத் தெரிந்துவிட்டது.

அதை இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. நாற்பது பேர் முன்னால் சொல்ல வந்தது உங்களுக்கு, என்னிடம் மட்டும் இன்னும் மேற்படி விஷயம் என்கிறீர்கள். சனிக்கிழமை வாருங்கள். அம்மா கூடத்தில் இருப்பார்கள், சந்தியாவும் இருப்பாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் என் முகத்தைப் பார்த்து, "பரிமளா, முழுகாம இருக்கியா?" என்று கேளுங்கள். அந்த வார்த்தையிலேயே கேட்க வேண்டும். கேட்டால் சொல்கிறேன்.

முடியாதென்றால் மலையிலேயே இருங்கள். ஊருக்குத் தெரியும்போது உங்களுக்கும் தெரியும்.

பரிமளா